தென்னை இல்லாத சென்னை

சினிமாவுக்காக நான் சென்னை நகரத்தைப் பலமுறை கட்டியிருக்கிறேன். எல்லாம் திருவனந்தபுரத்தில்தான். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மவுண்ட் ரோடு, கரமனை ஆற்றங்கரையில் ஒரு கூவம், சாலை என்று நாங்கள் சொல்லும் பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால் சென்னையின் சந்து பொந்துகள் அத்தனையும். இதில் ஒரு சின்ன விஷயம் என்னவென்றால், வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் சென்னைக்குப் போனதே கிடையாது. எங்கள் சினிமாத் தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று யோசித்தேன். ஓய்வு பெற்றவனை இனி யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது அஞ்சனா. ஆர்ட் டிபார்ட்மெண்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். இப்போதெல்லாம் நடிகருக்குப் பின்னால் ஒரு பச்சைத் துணியைக் கட்டிவிடுகிறார்கள். ஊரைக் கம்ப்யூட்டர்காரர்கள் பிறகு வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண் வீட்டுக்கு வந்து, என் மனைவி கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள். “கம்ப்யூட்டரில் செய்யும்போள் எல்லாரும் கள்ளம் கண்டுபிடிக்குந்நு. அண்ணாச்சி செய்தப்போள் ஆரும் கண்டுபிடிச்சில்லல்லோ. அதெங்ஙனயா?”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டர் பொய்யைக் கண்டுபிடிக்கிறவர்களில் யாருமே என் பொய்யைக் கண்டுபிடிக்கவில்லை என்பது உண்மைதான். அதில் முறுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனவளும் சேர்த்தி. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு ஒரே தகுதி, தமிழ் எழுதத் தெரியும் என்பது. என் பெற்றோர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து கரமனைக்கு வந்தவர்கள். அப்பா சாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பிள்ளை. நான் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டது சினிமா தியேட்டர் சுவர்களில் ஒட்டியிருந்த போஸ்டர்களிலிருந்து. அதனால் என் கையெழுத்து போஸ்டர் அளவிலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் என்னால் ஒரு தபால் அட்டையில் விலாசத்துக்குமேல் எதையும் எழுத முடியாது.

மலையாளப் படங்களில் கதாநாயகன் எப்படியும் ஒரு தடவை சென்னைக்கு ஓடிப்போய்க் கஷ்டப்படுவான். அத்தனை பேரையும் சென்னைக்கு அழைத்துப்போகத் தயாரிப்பாளரிடம் வசதி இருக்காது. அதனால் இங்கேயே நாலு தமிழ் போர்டு மாட்டிச் சென்னை ஆக்கிவிடுவார்கள். போர்டு எழுத ஆள் வேண்டும் என்று என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆர்ட் டைரக்டர் வேலாயுதன் சார் ஒரு தகரத்தை நீட்டி, ஏதாவது எழுதச் சொன்னார். ‘முருகன் துணை’ என்று எழுதினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஆளுகள் விஸ்வசிக்குமோ?” என்றார். ஜனங்கள் நம்புவார்களா என்று அர்த்தம். நம்புவார்கள் என்றேன். அதுதான் இண்டர்வியூ. அன்றிலிருந்து நான் யூனிட்டுக்குப் ‘போர்டு அண்ணாச்சி’ ஆனேன்.

சாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. யூனிட்டில் யாருக்குமே தெரியாது. என்ன எழுதினாலும் பாஸ். எனக்கும் கடைப் பெயர்கள் ஒன்றும் தோன்றாது என்பதால் சொந்தக்காரர்கள் பெயரையே எழுதித் தள்ளினேன். ஒரு படத்தில் என் மாமனார் பெயரில் சாராயக்கடை வைத்தேன். அவர் நாகர்கோவிலில் குடும்பத்தோடு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். அந்தத் தீபாவளிக்கு எங்களுக்கு அங்கிருந்து ஒரு முந்திரிக்கொத்துகூட வரவில்லை.

வேலாயுதன் சார் யாரையும் திட்டமாட்டார். செட் முடிந்ததும் தனியாகச் சுற்றி வருவார். ஒவ்வொரு சுவரையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். செங்கல் சுவர் கம்மென்று இருக்கும். பிளைவுட் சுவர் டொக்கென்று பதில் சொல்லும். டொக்கென்ற இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு சின்னக் கோடு போடுவார். நடிகர்கள் அங்கே சாயக்கூடாது என்பதற்கு அடையாளம். கடைசியில் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, அதே கேள்வியைக் கேட்பார். உண்மையில் அப்படி உண்டா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

திருவனந்தபுரத்தைச் சென்னை ஆக்குவது எப்படி என்று அஞ்சனா கேட்டதற்கு இனி பதில் சொல்கிறேன். முதலில் மலையாள எழுத்து ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது. பஸ் நிறுத்தம், மின்கம்பம், மூத்திரம் பெய்யாதே என்று எழுதிய சுவர், எல்லாவற்றையும் மூடவேண்டும். அடுத்தது பச்சை. எங்கள் ஊர்ச் சுவரில் ஒரு மழை பெய்தால் பாசி பிடித்துவிடும். அதைச் சுரண்டி, சுண்ணாம்பும் காவியும் கலந்து அடித்து, மேலே புழுதி தூவவேண்டும். கடைசியாகத் தென்னை. வேலாயுதன் சாரின் வேதவாக்கு ஒன்று உண்டு: “மதராஸில் தெங்கில்லா.” கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் மரம் வந்து தலையை நீட்டும் ஊரில், தென்னை இல்லாத சென்னையைக் கட்டுவதிலேயே என் இளமை கழிந்தது.

இனி நான் கட்டிய ஒரு சந்துக்கு வருகிறேன். என் பெயர் நிலைக்குமென்றால் அதனால்தான் நிலைக்கும், கெட்டதும் அதனால்தான்.

கதை இதுதான்: வேலை கிடைத்துச் சென்னைக்கு வரும் ஒரு பெண், கையில் பெட்டியோடு ஒரு சந்தில் நடக்கிறாள். இரண்டு ரவுடிகள் பின்தொடர்கிறார்கள். டைரக்டர் சொன்னார், பார்க்கிறவனுக்குச் சென்னை என்றாலே வயிற்றைக் கலக்கவேண்டும் என்று. சாலைக்குப் பின்புறம் புளி, வற்றல், வெல்லம் விற்கிற ஒரு சந்தைப் பிடித்தோம். பகலில் அங்கே நடந்தால் புளி வாசனையில் வாய் ஊறுமே தவிர வயிறு கலங்காது. புளிக்கடையை அடகுக்கடை ஆக்கினோம். வற்றல் கிடங்கு லாட்ஜ் ஆனது. உடைந்த ஆட்டோ ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினோம். அப்படியும் பயம் போதவில்லை என்றார் டைரக்டர்.

அப்போது என் மூளை வேலை செய்தது. லாட்ஜ் மாடிப்படிக்குமேல் ஒரு சிவப்பு பல்பு மாட்டலாம் என்றேன். மதராஸில் அப்படி உண்டா என்று உதவி டைரக்டர் கேட்டார். “எல்லாப் படத்திலயும் உண்டு சார்” என்றேன், சென்னையில் பிறந்து வளர்ந்தவனைப்போல. வேலாயுதன் சார் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கேள்வி கேட்காமல் தலையாட்டினார். அவர் கேள்வி கேட்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் லாட்ஜுக்குப் பின்னால் ஒரு வீட்டுத் தென்னை எட்டிப் பார்த்தது. வீட்டுக்காரர் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓலையைத் தொடலாம், குலையைத் தொடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே ஓலைகளை எல்லாம் மேலே சேர்த்துக் கட்டி மரத்துக்குக் குடுமி போட்டோம். அதற்கு முன்னால் ஒரு பட்டுப்புடவை விளம்பரத் தட்டியை நிறுத்தினோம். தட்டியில் ஒரு பெரிய பெண்முகம். அதை வரைந்ததும் நானே என்பதால் அவளுக்கு என் மாமியார் சாயல் வந்துவிட்டது.

சாயங்காலம் டேக் போனது. நடிகை பெட்டியோடு நடந்தாள். ரவுடிகள் பின்னால் வந்தார்கள். சரியாக அவள் சிவப்பு பல்புக்குக் கீழே வந்தபோது, முற்றிய தேங்காய் ஒன்று குடுமியிலிருந்து நழுவி, தட்டியின் தகரத்தில் விழுந்தது. டமார் என்று ஒரு சத்தம். நடிகை அலறித் திரும்பினாள். ரவுடிகளும் அலறினார்கள். ஒளிப்பதிவாளர் மட்டும் கேமராவை நிறுத்தவில்லை. படத்தில் அது அப்படியே இருக்கிறது. சென்னையில் எங்கேயோ துப்பாக்கி வெடிக்கிறது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். நடிகையின் இயல்பான நடிப்பை எல்லாரும் பாராட்டினார்கள். தேங்காயை யாரும் பாராட்டவில்லை.

அதற்குப் பிறகு வந்த சென்னைப் படங்கள் எல்லாவற்றிலும் லாட்ஜ் வாசலில் சிவப்பு பல்பு எரிந்தது. நான் போகாத ஊர்களில் எல்லாம் என் பல்பு எரிகிறது என்று யூனிட்டில் சொல்லிச் சொல்லி மார்தட்டிக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்ற வருஷம் என் மகள் சுபாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அவள் இரண்டு வருஷமாகப் பரீட்சை எழுதியும் பேட்டிக்குப் போயும் அலுத்துப் போயிருந்த நேரம். ஆர்டரைக் கொண்டுவந்து எங்களிடம் நீட்டினாள். மாதம் பிறந்ததும் சேரவேண்டும். என் மனைவி பகவதி அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“நீங்க அந்தப் படத்த மறந்துட்டியளா? அந்தப் பொண்ணும் வேலைக்குன்னுதானே போனா. பெட்டியும் கையுமா அந்தச் சந்துல நடக்கச்சில ரெண்டு தடியனுவ பொறத்தால வந்தானுவளே. எனக்க பிள்ளைய நான் அங்க விடமாட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “எடி, அது நான் கெட்டின சந்தாக்கும். நீ புளி வாங்கப் போற சந்து.”

“எனக்க வாயடைக்கதுக்கு என்னமும் சொல்லாதீங்க.”

சுபா அவள் பங்குக்குச் சொன்னாள். “அம்மா, அது வெறும் சினிமாயல்லே. அங்க ஒரு ஆபத்தும் இல்ல.” பகவதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் அவளை பஸ்ஸில் ஏற்றிச் சாலைக்கு அழைத்துப்போய், அந்தச் சந்தில் நிறுத்தினேன். வற்றல் கிடங்கின் மாடிப்படியைக் காட்டினேன். அந்தத் தென்னையைக் காட்டினேன். மரத்துக்கும் வயதாகிவிட்டது, எனக்குப்போலவே மண்டையில் அதிகமில்லை. பகவதி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புளிக்கடைக்காரர் அவளைத் தெரிந்தவர் என்பதால் சௌக்கியம் விசாரித்தார்.

“சரி, எடம் நம்ம எடம்தான். நான் இல்லேன்னு சொல்லல்ல,” என்றாள் பகவதி. “ஆனா மெட்ராசுல இப்படி ஒரு சந்து இருக்கப்போயிதானே நீங்க அதப் பாத்து இங்க செய்தது?”

“நான் பாக்கல்ல.”

“பாக்காம எப்படிச் செய்தீங்க?”

“வேற சினிமாவப் பாத்து.”

“அந்த சினிமாக்காரன் பாத்திருப்பான்லா?”

வேலாயுதன் சார் பார்த்திருப்பார், அவர் இளமையில் சென்னையில் இருந்தவர் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஒரு ஸ்டூடியோவுக்குள்ளேயே தங்கி, செட்டிலேயே படுத்துத் தூங்கி, செட்டிலேயே விழித்த கதையை என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் பார்த்த மதராஸும் பிளைவுட்தான். வாயை மூடிக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே கள்ளமாகிவிடும். பகவதிக்கு முன்னால் சிரித்தேனே தவிர, எனக்கும் பயமாக இருந்தது. கண்ணை மூடினால் சுபா பெட்டியோடு நடந்தாள். அடகுக்கடை, உடைந்த ஆட்டோ, மாடிப்படி, எதையும் என் மனம் விடவில்லை. ஒவ்வொரு ஆணியும் நான் அடித்தது. எந்தச் சுவர் பிளைவுட் என்றுகூட எனக்குத் தெரியும். அப்படியும் அந்தச் சந்தைப் பார்த்து என் வயிறு கலங்கியது. டைரக்டர் கேட்டதை அவ்வளவு ஒழுங்காகச் செய்து கொடுத்திருக்கிறேன்.

கடைசியில் சுபாதான் ஒரு வழி சொன்னாள். “ஒரு காரியம் செய்யலாம். மூணுபேரும் போவோம். அம்மா அங்க எல்லா எடமும் பாக்கட்டும். அந்தச் சந்து கெடச்சா, நான் வேலை வேண்டாம்னு வெச்சு அம்மாகூட திரும்பி வாறேன். சத்தியமா.” பகவதி உடனே சம்மதித்தாள். சந்து கிடைக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சினிமாவில் சென்னைக்கு வருகிறவன் சென்ட்ரலில் இறங்கி, கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பான். எங்கள் ரயில் எழும்பூரில் இறக்கிவிட்டது. அண்ணாந்து பார்க்கத் தயாராக வந்த எனக்குக் கழுத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. பகவதி பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டோக்காரர் பையை வாங்கக் கை நீட்டியபோது நாங்கள் இருவரும் ஒன்றாகப் பின்வாங்கினோம். அவர் சிரித்தார்.

“கேரளாவாம்மா? அங்கல்லாம் வீட்டுக்கு வீடு படகு வெச்சிருப்பாங்களாமே. ஸ்கூலுக்குக்கூடப் படகுலதான் போவாங்களாம். சினிமால பாத்திருக்கேன்.”

பகவதிக்கு முகம் சிவந்துவிட்டது. “ஆரு சொன்னா? எங்க ஊர்ல பஸ் உண்டு. எனக்குப் படகுல ஏறுனா தலை சுத்தும்,” என்றாள். அதற்குப் பிறகு ஹாஸ்டல் இருந்த அடையாறு வரும்வரை ‘வீட்டுக்கு வீடு படகாம்’ என்று முனகிக்கொண்டே வந்தாள்.

சுபாவின் ஹாஸ்டல் இருந்த தெருவில் இறங்கியதும் நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வீடு தென்னை. காம்பவுண்டுக்குள் தென்னை, காம்பவுண்டைத் தாண்டி வளைந்து தெருவுக்கு வந்த தென்னை, ஹாஸ்டல் மாடிக்குமேல் ஓலையைப் போட்டுக்கொண்டு நின்ற தென்னை. போதாக்குறைக்கு முனையில் ஒரு டீக்கடை. அதன் போர்டில் பாதி மலையாளம். கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரி, எங்கள் ஊர் வாழைப்பழ பஜ்ஜி. சுவரில் பாசி. இத்தனை வருஷமாக நான் எதையெல்லாம் சுரண்டினேனோ, மூடினேனோ, குடுமி போட்டுக் கட்டினேனோ, அத்தனையும் அந்தத் தெருவில் வரிசையாக நின்றன. வேலாயுதன் சார் மட்டும் அங்கே வந்திருந்தால் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, ஆளுகள் விஸ்வசிக்காது, எல்லாவற்றையும் பிரி என்று சொல்லியிருப்பார்.

பகவதி விடுவதாக இல்லை. ஹாஸ்டலைச் சுற்றியுள்ள ஒவ்வொரு தெருவிலும் நுழைந்து வெளியே வந்தாள். கிடைத்ததெல்லாம் பால் பூத், இஸ்திரிக் கடை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். சாயங்காலம் ஆனபோது அவளுக்குக் கால் வலித்தது, சுபாவுக்கு முகத்தில் வெளிச்சம் வந்தது. பெரிய ரோட்டை ஒட்டித் திரும்பினோம். அங்கே ஒரு குறுகலான வழி. உடைந்த ஆட்டோ. அடகுக்கடை போர்டு. மேலே போகும் படி. படிக்குமேல் சிவப்பு பல்பு.

பகவதி என் கையைப் பிடித்தாள். சுபா நின்றுவிட்டாள். “கெடச்சாச்சு மக்களே,” என்றாள் பகவதி மகளிடம். “வாக்கு குடுத்திருக்க.” சுபாவின் கண் நிறைந்துவிட்டது. வேலைக்காக அவள் பட்ட பாடெல்லாம் என் பல்பால் போகப்போகிறதே என்று எனக்கு இருந்தது.

அப்போதுதான் ஆட்டோவுக்குள் இரண்டு பெண்கள் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். சுபா வயதுதான் இருக்கும். உள்ளேயிருந்து பரோட்டா வாசனை வந்தது. யூனிஃபார்ம் போட்ட பையன் ஒருவன், “வாங்க சார், மூணு பேரா? ஏசி உள்ள இருக்கு,” என்றான். அது ஓட்டல். சினிமாவில் வரும் பழைய மதராஸ் மாதிரி கட்டியிருக்கிறார்களாம். ஜனங்களுக்கு அது பிடித்திருக்கிறதாம்.

நான் அடகுக்கடைச் சுவரிடம் போய் விரல் முட்டியால் தட்டினேன். டொக்.

“பகவதி, பிளைவுட்டாக்கும்.”

அவள் என்னை நம்பவில்லை. தானே வந்து தட்டினாள். டொக். லாட்ஜ் சுவரைத் தட்டினாள். டொக். படியைத் தட்டினாள், தூணைத் தட்டினாள். போட்டோ எடுத்த பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் அந்தப் பல்பைக் கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத என் போஸ்டர் எழுத்து போதாது.

விறுவிறுவென்று ஹாஸ்டலுக்கு நடந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். வாசலில் நின்று, காம்பவுண்டுச் சுவரை முட்டியால் ஓங்கித் தட்டினாள். சத்தமே வரவில்லை. வலியில் கையை உதறிக்கொண்டாள். வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

“இது நெசச் செவருதான்,” என்றாள் பகவதி, முட்டியைத் தடவிக்கொண்டே. “இங்கயே இரு மக்களே. படகு வெச்சிருக்கியளான்னு ஆராவது கேட்டா நல்லா குடு.” சுபா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வாட்ச்மேன் பார்க்காதவாறு தென்னைமரத்துக்கு அந்தப்பக்கம் போய் அழுதேன். ஒரு தென்னை எனக்கு உபகாரம் செய்தது அன்றைக்குத்தான்.

இப்போதும் அந்தப் படத்தை டிவியில் போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் பகவதி, “அது நம்ம சாலையாக்கும், புளிக்கடைச் சந்து,” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். அவளுக்குப் பயம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் தெளியவில்லை. அந்தப் பெண் பெட்டியோடு சந்துக்குள் திரும்பும்போது என் கை தானாகப் போனை எடுத்துவிடும்.

போன வாரமும் அப்படித்தான் எடுத்தேன்.

“எங்க இருக்க மக்களே?”

“ஹாஸ்டல்ல அப்பா. துணி மடக்குறேன். எந்தா காரியம்?”

“ஒண்ணும் இல்ல. சும்மா கூப்பிட்டேன்.”

“டிவில அந்தச் சந்து வருதா?”

“சேச்சே, டிவியே போடல்ல,” என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் டமார் என்று சத்தம் கேட்டது.

“தேங்கா விழுந்தாச்சு அப்பா,” என்றாள் சுபா. “இனி போய் உறங்குங்க.”